நிதியாண்டும் பனியாண்டும்

துருவப் பகுதிகளை ஆராய ஒரு நாடு திட்டம் தீட்டுகிறதென்றால், அத்திட்டத்தின் முதல் பக்கத்தில் எதை எழுதுவது? நிலையம் எங்கே அமையும் என்பதையா, கப்பலுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதையா, எந்த வினாவுக்கு விடை தேடிப் போகிறோம் என்பதையா? சில மாதங்களாக எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசப்பட்டுவரும் பொருள் இது. 2032–33இல் ஐந்தாவது பன்னாட்டுத் துருவ ஆண்டு கடைப்பிடிக்கப்படவிருக்கிறது. உலக நாடுகள் அதற்கான ஆயத்தங்களைத் தொடங்கிவிட்டன. அண்டார்க்டிகாவில் மைத்ரி நிலையத்துக்கு மாற்றாகப் புதிய நிலையம் ஒன்றைக் கட்டும் எண்ணத்தை இந்தியா 2024 மே மாதம் கொச்சியில் கூடிய அண்டார்க்டிக் ஒப்பந்தக் கலந்தாய்வுக் கூட்டத்தில் வெளியிட்டது. திட்டமிட வேண்டிய காலம் இது என்பதில் ஐயமில்லை.

நாங்கள் அறிவியலாளர் அல்லோம். கதையும் கவிதையும் படித்துப் பழகியவர்கள். பயண நூல்களின் வாயிலாகத் தென்துருவத்துக்குள் நுழைந்தவர்கள். நுழைந்தபின் வெளியே வர மனமில்லாமல் போயிற்று. தேசியத் திட்டம் என்பது அறிவியலாளருக்கு மட்டும் உரியதன்று. எல்லோருடைய வரிப்பணமும், இளைஞர் பலருடைய வாழ்நாளின் ஒரு பகுதியும் அதில் கலந்திருக்கின்றன. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வட்டத்தில், அரசுக் கணக்குத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த நண்பர் ஒருவர் உண்டு. நாங்கள் பனிப்பாறைகளைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் இரண்டு கேள்விகளை எழுப்பினார். முதலாவது, "மார்கழிக் குளிரையே தாங்காத நமக்கு அந்தப் பனி எதற்கு?" என்பது. அது எல்லோரும் கேட்பதுதான். இரண்டாவது கேள்விதான் எங்களை நிறுத்திவைத்தது. "மார்ச் 31க்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். உங்கள் பனிக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று தெரியுமா?" என்றார். சிரித்தோம். ஆனால் அதன்பின் படித்த ஒவ்வொரு நூலிலும் அந்தக் கேள்வியே முன்வந்து நின்றது. அண்டார்க்டிகாவில் மார்ச் மாதம்தான் கப்பல் விடைபெறும் மாதம். கடல் உறையத் தொடங்குகிறது, குளிர்காலக் குழு மட்டும் தனித்துவிடப்படுகிறது. இங்கே கணக்கு மூடப்படும் வேளையில் அங்கே ஆண்டின் பெரும்பகுதி வேலை தொடங்குகிறது.

* * *

இந்தியாவின் துருவ வரலாறு வினாவில் தொடங்கியது அன்று. உரிமைக் குரலில் தொடங்கியது. 1956இல் அண்டார்க்டிகா பற்றிய பிரச்சினையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவேண்டும் என்று இந்தியா கோரியது. அந்தப் பெருநிலம் அமைதிப் பயன்பாட்டுக்கே உரியதாக இருக்கவேண்டும், அணுகுண்டுச் சோதனைக் களமாக மாறிவிடக் கூடாது என்பது நேருவின் அரசு கொண்டிருந்த நிலைப்பாடு. அங்கே நிலவுரிமை கோரிவந்த நாடுகளுக்கு இது உவப்பாக இல்லை. கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது, 1958இல் மீண்டும் எழுப்பப்பட்டு மீண்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு இடமில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. பின்னர் சேரும் நாடு முடிவெடுக்கும் அவையில் அமர வேண்டுமானால், அண்டார்க்டிகாவில் கணிசமான அறிவியல் ஆய்வு நடத்துவதாகக் காட்டவேண்டும். நிலையம் அமைப்பதும் ஆய்வுக் குழுவை அனுப்புவதும் அதற்குச் சான்றாகும். அறிவியலே அங்கே நுழைவுச் சீட்டு. இந்திரா காந்தி இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். 1981 ஜூலையில் கடல் மேம்பாட்டுத் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று, கடலியலாளர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டு வாடகைக் கப்பலில் புறப்பட்டனர். பயணம் கமுக்கமாக வைக்கப்பட்டிருந்தது. 1982 ஜனவரி 9 அன்று அவர்கள் அண்டார்க்டிகாவில் கால்வைத்த பிறகே நாட்டுக்குச் செய்தி தெரிந்தது.

அதற்கு முன்பும் இந்தியர் அங்கே சென்றதுண்டு. கடற்படையைச் சேர்ந்த வானிலையாளர் ராம் சரண் 1960இல் ஆஸ்திரேலியக் குழுவுடன் சென்றார். பரம்ஜித் சிங் சேரா 1971–73 காலத்தில் சோவியத் குழுவுடன் சென்று குளிர்காலத்தை அங்கே கழித்தார். அவர்கள் பிறர் வீட்டு விருந்தாளிகள். 1982இல்தான் நாம் நம் பெயரில் சென்றோம். 1983 ஆகஸ்ட் 19 அன்று இந்தியா ஒப்பந்தத்தில் இணைந்தது. ஒரு மாதம்கூட முடியாத நிலையில், செப்டம்பர் 12 அன்று கலந்தாய்வு நாடு என்ற தகுதியையும் பெற்றது. இங்கே வரலாற்றின் குறும்பு ஒன்றைச் சொல்லவேண்டும். அதே 1983இல், அண்டார்க்டிகாவை ஐக்கிய நாடுகள் விவாதிக்கவேண்டும் என்று மலேசியா குரல்கொடுத்தபோது, முதலில் அதைக் கேட்ட இந்தியா வேலியின் உட்பக்கம் நின்றிருந்தது. மலேசியாவும் 2011இல் அதே ஒப்பந்தத்தில் இணைந்தது.

அரசியல் முன்னே சென்றது, அறிவியல் பின்னே வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. துருவப் பயணம் என்பது எந்த நாட்டிலும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. கொடி இல்லாமல் எந்தக் கப்பலும் புறப்பட்டதில்லை. ஆனால் கொடிக்காகத் தீட்டப்பட்ட திட்டத்துக்குக் கொடி நட்ட அன்றே வேலை முடிந்துவிடுகிறது. அறிவியலின் வேலை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது.

* * *

இந்த வேறுபாட்டை எங்களுக்கு விளக்கியவர்கள் ஸ்காட்டின் இறுதிப் பயணத்தைச் சேர்ந்த நால்வர். அவர்களில் மூவரை இலக்கிய வாசகர் நன்கறிவர். வில்சன், பவர்ஸ், செரி-காரார்ட் ஆகிய மூவரும் 1911ஆம் ஆண்டின் நடுக்குளிர்காலத்தில், முழு இருளில், பேரரசப் பெங்குவினின் முட்டைகளைத் தேடிச் சென்றனர். பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள உறவு அந்தக் கருவில் தெரியும் என்பது அக்காலக் கருத்து. சுழியத்துக்குக் கீழே 60 டிகிரியையும் தாண்டிய குளிர். கூடாரம் புயலில் பறந்துபோய், பின்னர் நல்வாய்ப்பாகக் கிடைத்தது. ஐந்து வாரத்துக்குப் பின் மூன்று முட்டைகளோடு திரும்பினர். வில்சனும் பவர்ஸும் அடுத்த ஆண்டு ஸ்காட்டுடன் மாண்டனர். எஞ்சிய செரி-காரார்ட் 1922இல் வெளியிட்ட 'உலகின் மிக மோசமான பயணம்' என்ற நூல் பயண இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்று. அந்த மூன்று முட்டைகளோ, ஆய்ந்து முடித்தபோது, எதிர்பார்த்த வினாவுக்குப் பெரிதாக விடை எதையும் தரவில்லை.

நான்காமவரைப் பற்றி யாரும் நாவல் எழுதவில்லை. அவர் பெயர் ஜார்ஜ் சிம்ப்சன். சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிவந்தவர். அங்கிருந்துதான் ஸ்காட்டின் குழுவில் வானிலையாளராகச் சேர்ந்தார். மற்றவர்கள் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் குடிசையில் அமர்ந்து, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் காற்றின் விரைவையும் குறித்துக்கொண்டிருந்தார். பலூன்களை மேலே விட்டார். 1912இல் அவர் இந்தியப் பணிக்குத் திரும்ப நேர்ந்தது. தம் அளவீடுகளை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1919இல் எங்கே அச்சாயிற்று தெரியுமா? கல்கத்தாவில். அண்டார்க்டிகாவின் வானிலையைப் பற்றிய முதன்மையான நூல்களுள் ஒன்று ஹூக்ளிக் கரையில் அச்சேறியது என்ற செய்தியை எங்களில் பலரால் உடனே நம்ப முடியவில்லை.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, சூசன் சாலமன் என்ற அமெரிக்க வளிமண்டல வேதியியலாளர் அந்த எண்களைக் கையிலெடுத்தார். தானியங்கி வானிலைக் கருவிகள் பிற்காலத்தில் அனுப்பிய பதிவுகளோடு ஒப்பிட்டு, ஸ்காட் மாண்ட 1912 மார்ச் மாதத்தின் குளிர் வழக்கத்துக்கு மிகவும் மாறானது என்று 2001இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். முட்டைகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிம்ப்சனின் எண்களோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. முட்டை தேடிய மூவரின் தீரத்தை நாங்கள் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அந்நூலைப் படித்துக் கண் கலங்கியவர்கள் நாங்கள். ஆயினும் ஒரு தேசியத் திட்டம் எவரை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என்று கேட்டால், சிம்ப்சனைத்தான் சுட்டுவோம்.

இதே சாலமன் 1986இலும் 1987இலும் அண்டார்க்டிகாவுக்கு ஓசோன் ஆய்வுக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றவர் என்பதும் தற்செயல் அன்று. அந்த ஆய்வுக்கு வித்திட்டதும் ஓர் அளவீட்டுத் தொடரே. ஹாலே என்ற பிரித்தானிய நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஒரு கருவி வானத்தின் ஓசோனை அளந்துகொண்டிருந்தது. ஆண்டுக்காண்டு அதே இடம், அதே அளவை, பெயர் தெரியாத ஒரு குளிர்காலப் பணியாளர். பல ஆண்டுகளாக அதில் வியப்பூட்டும் செய்தி எதுவும் இல்லை. பிறகு வசந்தகால ஓசோன் ஆண்டுதோறும் சரியத் தொடங்கியது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985இல் அதை வெளியிட்டனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. முந்தைய எண்கள் இல்லையென்றால் சரிவைச் சரிவு என்று எப்படிச் சொல்வது? பத்தாம் ஆண்டில் ஒரு தணிக்கை அதிகாரி வந்து, 'இதனால் இதுவரை என்ன கண்டீர்கள்?' என்று கேட்டிருந்தால், ஹாலேயினரிடம் விடை ஏதும் இருந்திருக்காது.

எங்கள் கணக்குத் துறை நண்பர் இந்த இடத்தில் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வருமானம் எந்த ஆண்டில் வரும் என்று தெரியாத முதலீட்டைப் பதிய எங்களிடம் பத்தியே கிடையாது" என்றார். அந்தப் பத்தியை உண்டாக்குவதுதான் திட்டமிடல் என்று நாங்கள் நினைக்கிறோம்.

* * *

இந்தியா கற்ற பாடங்களும் இதையே சொல்கின்றன. 1983–84இல், ஹர்ஷ் குப்தா தலைமையில் சென்ற மூன்றாவது குழு தட்சிண கங்கோத்ரி நிலையத்தைச் சில வாரங்களில் கட்டி முடித்தது. அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரு பெண் அறிவியலாளரும் அக்குழுவில் இருந்தனர். 12 பேர் அங்கே முதற் குளிர்காலத்தைக் கழித்தனர். வேகம் வியக்கத்தக்கது, இடம்தான் நிலையற்றது. கடலின்மேல் மிதக்கும் பனித்தட்டில் அது நின்றது. ஆண்டுதோறும் பெய்த பனி கட்டடத்தை மூடிக்கொண்டே வந்தது. 1990இல் அது நிலையம் என்ற நிலையை இழந்தது. பனித்தட்டில் கட்டுவோர் யாவருக்கும் நேர்வதுதான் இது. ஹாலேயும் பலமுறை புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது.

மைத்ரிக்குப் பாறை நிலம் தேடினார்கள். ஷிர்மாக்கர் சோலை என்று அழைக்கப்படும் பனியற்ற பாறைத் திட்டில், பிரியதர்ஷினி என்று பெயரிட்ட ஏரியின் அருகே 1989இல் அது எழுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாத அந்த இடத்தில் வானிலை, ஓசோன், புவிக்காந்தம் ஆகியவை அளக்கப்பட்டு வருகின்றன. எங்கள் கணிப்பில், இந்தியத் துருவத் திட்டத்தின் உண்மையான சொத்து அந்தக் கட்டடமன்று. அங்கே சேர்ந்திருக்கும் அளவீட்டு வரிசைதான். ஆகவே புதிய நிலையத்துக்குத் திட்டம் தீட்டுவோர் முதலில் கேட்கவேண்டியது, பழைய கருவியும் புதிய கருவியும் எத்தனை ஆண்டு அருகருகே ஓடப்போகின்றன என்பதைத்தான். இடம் மாறும்போது ஒப்பீட்டுக் காலம் இல்லாவிட்டால் தொடர் அறுந்துவிடும். கட்டடத்தின் படம் திட்ட அறிக்கையின் அட்டையில் இருக்கட்டும். இந்த வரி உள்ளே முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது நிலையமான பாரதி 2012 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. மைத்ரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில், லார்ஸ்மான் குன்றுகளில் அது நிற்கிறது. 134 கப்பல் கொள்கலன்களை அடுக்கி, மேலே உறை போர்த்தி உருவாக்கப்பட்ட கட்டடம். காலம் முடிந்ததும் கழற்றி எடுத்து வந்துவிடலாம். அவசரமாகக் கட்டப்பட்ட முதல் நிலையத்துக்கும் இதற்கும் இடையே நடந்த மாற்றத்தை இந்த ஒரு செய்தியே காட்டும். 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறை, அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டுவதைத் தடைசெய்தது. எதைக் கட்டினாலும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டைப் பிற நாடுகளின் பார்வைக்கு வைத்தாகவேண்டும் என்றும் விதித்தது. நாமும் 2022இல் அண்டார்க்டிகாவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினோம். பாரதியை அங்கே அமைத்ததன் பின்னால் ஒரு வினா இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. கோண்டுவானா என்ற பழம்பெருநிலம் பிளவுபடுமுன் இந்தியாவின் கிழக்குக் கரை ஒட்டியிருந்த பக்கம் அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளுக்கு அங்கே உறவுப் பாறைகள் உண்டு. குமரிக்கண்டக் கனவில் வளர்ந்த நமக்கு, தெற்கே உண்மையிலேயே பிரிந்துபோன ஒரு நிலம் உண்டு என்பது ஆறுதலாகவும் இருக்கலாம்.

* * *

இனிக் கப்பல். இதைப் பற்றிப் பேசும்போது எங்கள் வட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. மைத்ரிக்குரிய எரிபொருளும் உணவும் கருவியும் கடலோரப் பனித்தட்டில் இறக்கப்பட்டு, அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சங்கிலிப் பட்டை பூண்ட பனி வாகனங்களில் இழுத்துச் செல்லப்படுகின்றன. கப்பல் நெருங்க முடிவது தென்கோடைக் காலத்தின் சில மாதங்களே. அந்தக் கப்பலை 1981 முதல் நாம் வாடகைக்கே எடுத்துவருகிறோம். நமக்குப் பின் 1984இல் முதற்பயணம் புறப்பட்ட சீனா, 1993இல் உக்ரைனிலிருந்து ஒரு பனிக்கடல் கப்பலை வாங்கியது. 2019இல் தானே கட்டிய இரண்டாவது கப்பலையும் களமிறக்கியது. தென்கொரியா 2009இல் 'அராவோன்' என்ற பனியுடைப்புக் கப்பலைப் பெற்றது. இந்தியாவில் 2014இல் துருவ ஆய்வுக் கப்பலுக்கு 1,051 கோடி ரூபாய் ஒப்புதலாயிற்று. கப்பல் வரவில்லை. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு, அத்தகைய கப்பலை இங்கேயே கட்டுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. நன்று. சிம்ப்சனின் நூல் அச்சான நகரில் அந்தக் கப்பல் உருவாகுமானால் மகிழ்வோம்.

பிற நாட்டோடு போட்டியிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாடகைக் கப்பல் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும். வழியில் நின்று கடலின் ஆழத்தை அளக்காது. தென்பெருங்கடலில் எந்த இடத்தில், எந்த மாதத்தில் நிற்பது என்று அறிவியலாளர் முடிவுசெய்ய வேண்டுமானால் கப்பல் அவர்களுடையதாக இருக்கவேண்டும். வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கப்பல் வைத்துக்கொண்டு கோடைக்குப் பின் அதை என்ன செய்வது என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் ஆர்க்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் இருக்கின்றன என்பதே விடை. அந்த விடையும் திட்டத்தில் எழுதப்பட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் துறைமுகத்தில் நின்று துருப்பிடிக்கும்.

அடுத்த கோடையில் ஒருவர் பனியில் துளையிட விரும்பினால் அதற்கு முன் என்னென்ன நடக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஆய்வு முன்மொழிவு, அதன் தேர்வு, சுற்றுச்சூழல் அனுமதி, கருவிக் கொள்முதல், தில்லி எய்ம்ஸில் மருத்துவச் சோதனை, உத்தரகாண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரிடம் பனிப் பயிற்சி, சரக்கைக் கப்பலுக்கு உரிய நாளில் சேர்த்தல். இவற்றுள் ஒன்று ஒரு மாதம் தாமதமானால் இழப்பு ஒரு மாதமன்று, ஓராண்டு. கப்பல் ஒருமுறைதான் போகிறது. பனியாண்டு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

* * *

வடக்கே கதை வேறு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளைப் பற்றிய 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், ஆங்கிலேயர் ஆட்சியின் பகுதியாக இந்தியாவும் கையெழுத்திட்டிருந்தது. 2007இல் முதல் ஆர்க்டிக் பயணம் நிகழ்ந்தது. 2008 ஜூலையில், வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நீ-ஒலெசுண்ட் என்ற ஆய்வுச் சிற்றூரில் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. அங்கே நாம் புதிதாகக் கட்டவில்லை. பல நாட்டினர் வாழும் ஊரில் ஒரு வீட்டைப் பெற்றோம். 2014இல் கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இந்தியாவின் அளவீட்டுத் தொகுதி ஒன்று நிறுத்தப்பட்டது. அதை உருவாக்கியது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். சதுப்பு நிலத்தின் அருகே வடிவம் பெற்ற கருவி பனிக்கடலின் உப்பையும் வெப்பத்தையும் அளக்கச் சென்றது. ஆனால் ஹிமாத்ரியில் குளிர்காலத்திலும் ஆள் தங்குவது 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. அதுவரை பாதி ஆண்டைப் படித்துவிட்டு முழு ஆண்டுக்கும் பொருள் சொல்லிவந்தோம்.

2016இல் இமயத்தின் ஸ்பிதிப் பகுதியில் 'ஹிமான்ஷ்' என்ற உயர்மலை நிலையமும் தொடங்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் பொறுப்பில் இன்று தென்துருவம், வடதுருவம், இமயம் ஆகிய மூன்றும் உள்ளன. இங்கேதான் நண்பரின் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. மூன்று இடத்திலும் கேட்கப்படும் வினா ஒன்றே: பனி எவ்வளவு விரைவில் நீராகிறது, அந்த நீர் எங்கே போகிறது? அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். அது நம் காலத்தில் நடக்காது; ஆனால் அதில் ஒரு சிறு பங்கே நம் கழிமுகங்களுக்குப் போதும். ஆர்க்டிக்கின் கோடைக் கடற்பனி 2012 செப்டம்பரில் மிகக் குறைந்த அளவைத் தொட்டது. அண்டார்க்டிகாவின் கடற்பனி 2023 பிப்ரவரியில் அதுவரை காணாத குறைவுக்கு இறங்கியது. உலகின் பிற பகுதிகளைவிட ஆர்க்டிக் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் சூடேறிவருகிறது என்று 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பருவமழையை நம்பி விதைப்பவருக்கும், கடலோரத்தில் வலை உலர்த்துபவருக்கும் பனி அயலாருடைய பொருளன்று.

* * *

இறுதியாக, எங்களைப் போன்றோருக்கு நெருக்கமான ஒன்று. ஒவ்வோர் இந்தியப் பயணத்தின் அறிவியல் அறிக்கைகளும் ஆங்கிலத் தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. அவற்றில் பனி இருக்கிறது, பாறை இருக்கிறது. ஆறுமாதம் ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரே சமையலை உண்டு, வீட்டில் நிகழ்ந்த சாவுக்கும் பிறப்புக்கும் போகமுடியாமல் தங்கியிருந்த மனிதர் அவ்வளவாக இல்லை. இஸ்ரோவின் மங்கள மணி 2016–17இல் பாரதியில் ஓராண்டுக்கு மேல் தங்கிப் பணியாற்றினார். இத்தகையோரின் அனுபவம் அவரவர் தாய்மொழியில் நூலாக வேண்டாமா? அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை எழுத்தாளரையும் ஓவியரையும் அண்டார்க்டிகாவுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்தியது. 1995இல் அப்படிச் சென்ற கிம் ஸ்டான்லி ராபின்சன் 'அண்டார்க்டிகா' என்ற நாவலை 1997இல் வெளியிட்டார்.

நாமும் எழுத்தாளரை அனுப்பவேண்டும் என்று எங்களில் சிலர் சொன்னோம். வட்டத்தின் இளைய தோழி ஒருவர் உடனே மறுத்தார். "ஓர் எழுத்தாளருக்கு இடம் கொடுத்தால் ஒரு மருத்துவருக்கோ சமையற்காரருக்கோ இடம் போகும். அங்கே இருப்பவர்களையே எழுதச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னதே சரியென்று தோன்றுகிறது. டீசல் மின்னாக்கியைப் பார்த்துக்கொண்டவரின் நாட்குறிப்பு, நாங்கள் அங்கே போய் எழுதக்கூடிய எதையும்விட மெய்யானதாக இருக்கும். திட்டத்தில் அதற்கு வேண்டியது பெருந்தொகையன்று. குறிப்பேடுகளைக் காத்துவைக்க ஓர் இடம், அவற்றைச் செம்மைசெய்து மொழிபெயர்க்கச் சிலர், அச்சிடச் சிறு ஒதுக்கீடு. இதை ஓர் அலங்காரமாக நாங்கள் கேட்கவில்லை. ஹாலேயின் பத்தாம் ஆண்டு போன்ற ஓர் ஆண்டு எந்தத் திட்டத்துக்கும் வரும். பணத்தை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொல்வார்கள். அன்று வேண்டாம் என்று குரல்கொடுக்க, இந்த வேலை இன்னதென்று அறிந்த மக்கள் இருக்கவேண்டும். படித்தறியாத ஒன்றுக்காக யார் பேசுவார்கள்?

பன்னாட்டுத் துருவ ஆண்டு என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட். 1872–74இல் பனியில் சிக்கிய கப்பல் ஒன்றின் தலைவர் அவர். யார் முதலில் துருவத்தைத் தொடுவது என்ற ஓட்டப்பந்தயத்தில் பயனில்லை. பல நாட்டினர் பல இடத்தில் ஒரே காலத்தில் ஒரே முறையில் அளக்கவேண்டும் என்று 1875இல் வலியுறுத்தினார். 1882–83இல் அது நடந்தேறியது. 1881இலேயே அவர் இறந்துவிட்டார். தாம் காணப்போகாத அளவீட்டுக்காகத் திட்டம் தீட்டியவரின் பெயரால் தொடங்கிய மரபில் நம் திட்டமும் சேரவிருக்கிறது.

ஆகவே, திட்டம் தீட்டுவோரிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் எளியது. அளவீட்டுத் தொடர்களுக்கான பணத்தை ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து பிரித்து, பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். புதிய நிலையமும் பழைய நிலையமும் சிலகாலம் ஒன்றாக அளக்கட்டும். கப்பலின் பன்னிரண்டு மாதங்களையும் எழுதிவைத்துவிட்டுக் கப்பலைக் கட்டுங்கள். குளிர்காலத்தில் தங்குவோரின் எழுத்தை எல்லா இந்திய மொழிகளிலும் கொண்டுவாருங்கள். கணக்குத் துறை நண்பர் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு முதலாவது மட்டும் கடினம் என்றார். விதிகளில் அதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகவும் கூறியிருக்கிறார். 2032ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மைத்ரிப் பாறைத் திட்டில் காற்றின் விரைவைக் குறிக்கப்போகும் இளைஞர் இப்போது ஏதோ ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருப்பார். அவர் கைக்கு வரும் குறிப்பேட்டின் முந்தைய பக்கங்கள் வெறுமையாக இல்லாமல் பார்த்துக்கொள்வது இன்றைக்குரிய வேலை.